இது என்ட தையல்

அலியார் காக்கா மௌத்தான செய்தி ஊருக்குப் பிழையாகவே வந்து சேர்ந்தது. சுபஹுத் தொழுகை முடிந்து கொஞ்ச நேரத்தில் பள்ளி ஒலிபெருக்கி கரகரத்தது. "அரசாங்க உத்தியோகத்தர் அலியார் அவர்கள் வபாத்தாகிவிட்டார்கள்" என்று மோதினார் சொன்னார். பிறகு ஒரு மூச்சு நின்றார். அந்த இடத்தில்தான் வழமையாகப் பட்டப்பெயர் வரும். கல்முனையில் உத்தியோகம் பார்க்கும் அலியார்களுக்குக் குறைவில்லை. தபால் அலியார், சங்கக்கடை அலியார், கச்சேரி அலியார் என்று பட்டத்தைச் சேர்த்தால்தான் ஜனாஸா யாருடையது என்று ஊருக்கு விளங்கும். இவருடைய பட்டத்தைப் பள்ளி ஒலிபெருக்கியில் சொல்ல மோதினாருக்கு வாய் வரவில்லை. அஸருக்கு நல்லடக்கம் என்று மட்டும் சொல்லி முடித்துவிட்டார்.

அந்த நின்ற மூச்சைக் கேட்டதுமே எனக்கு ஆள் விளங்கிவிட்டது. ஊருக்கு விளங்கவில்லை. பாதிச் சனம் சங்கக்கடை அலியார் வீட்டுக்குப் போனது. காய்ச்சலில் கிடந்த அந்த மனுசன் போர்வையோடு வாசலுக்கு வந்து, "நான் இன்னம் இரிக்கன்டா, போங்க!" என்று துரத்தினாராம். சிரித்துக்கொண்டு திரும்பிய சனத்தில் அதிகம் பேர், சரியான வீடு எது என்று விசாரித்து வரவில்லை. ஜனாஸாத் தொழுகையில் மூன்று வரிசை கூட நிரம்பவில்லை.

அவருடைய பட்டம் பண்டி டொக்டர், பன்றி வைத்தியர்.

மௌத்தான எல்லாரையும் தங்கமான மனுசன் என்று எழுதுவது நம் வழக்கம். நான் அப்படி எழுதப் போவதில்லை. அவரைத் தெரிந்தவர்கள் இதை வாசிப்பீர்கள், பொய் எழுதினால் பிடித்துவிடுவீர்கள். அவர் பிடிவாதக்காரர். சத்தமாகக் கதைப்பார். அலுவலகத்தில் இருந்த ஒரே மின்விசிறியைத் தன் பக்கம் திருப்பி வைத்துவிட்டு, "எனக்கு வியர்த்தா யோசிக்க ஏலா" என்பார். கேட்காதவனிடமும் பன்றியைப் பற்றிக் கதைப்பார். முஸ்லிம் ஊரில் பிறந்து, முஸ்லிம் ஊரில் குடியிருந்து, வாழ்நாள் முழுவதும் பன்றியைப் படித்த மனிதர் இந்தக் கரையில் வேறு யாரும் இருக்க வாய்ப்பில்லை.

கிழக்குக் கரையைச் சூறாவளி அடித்ததற்கு அடுத்த வருடம், மலைநாட்டில் ஒரு பண்ணைப் பாடசாலையில் பயிற்சி முடித்து, கால்நடைப் போதனாசிரியராக நான் கல்முனை அலுவலகத்துக்கு வந்தேன். ஒரே மேசை. அந்தப் பக்கம் அவர், இந்தப் பக்கம் நான். அன்றிலிருந்து அவர் எனக்குக் காக்கா, அண்ணன். என்னுடைய நியமனக் கடிதத்தை அவர் பார்க்கவே இல்லை.

"தம்பி எந்த ஊர்?"

"பாலமுனை."

"பண்டியத் தொட்டிரிக்கயா?"

"பயிற்சியில எல்லாரும் தொட்டதுதான்."

"வீட்ட சொன்னயா?"

நான் நியமனக் கடிதத்தை மடித்துப் பைக்குள் வைத்தேன். "அப்ப சரி, உத்தியோகத்துக்குத் தகுதிதான்" என்று சிரித்தார்.

அவர் இதற்குள் வந்தது கால்நடைத் திணைக்களம் செய்த ஒரு பிழையால். இளம் வயதில் அவருக்கு முதல் நியமனம் நாட்டின் மேற்குக் கரையில் ஒரு பன்றிப் பண்ணைக்கு. கடிதம் அடித்தவர் பெயரைக் கவனிக்கவில்லை. இடமாற்றம் கேட்டு எழுது என்று வாப்பா சொன்னார், மாமா சொன்னார், பள்ளித் தலைவரும் சொன்னார். அவர் எழுதவில்லை. "போய் ஒரு கிழமை பாத்தன் தம்பி. அதுக்குள்ள என்னைப் பிடிச்சிட்டு" என்று என்னிடம் சொன்னார். எது பிடித்தது என்று கேட்டேன். "மாடு உன்னைப் பாக்கிறல்ல, புல்லத்தான் பாக்கிற. பண்டி ஆளைப் பாக்கும்."

மழை நாட்களில் அலுவலகத்துக்கு யாரும் வரமாட்டார்கள். அந்த நேரத்தில்தான் உலகத்துப் பன்றிகளெல்லாம் எங்கள் மேசைக்கு வரும். செலிபெஸ் தீவில் ஒரு காட்டுப் பன்றி. அதன் மேல்வாய்ப் பல் கீழே வளராமல் மூக்குத் தோலைத் துளைத்துக்கொண்டு மேலே வளைந்து, நெற்றிப் பக்கம் திரும்பிவிடும். ஹங்கேரியில் ஒரு வளர்ப்புப் பன்றி. உடம்பெல்லாம் செம்மறிக்கு இருப்பது போலச் சுருள் மயிர். அசாமில் ஒன்று முயலை விடக் கொஞ்சம்தான் பெரிது. அது இனி உலகத்தில் இல்லை என்று எழுதிவிட்டார்களாம். பிறகு ஒரு நாள் காட்டுத் தீக்குப் பயந்து தேயிலைத் தோட்டத்துக்குள் ஓடிவந்ததாம். இதைச் சொல்லும்போது, ஓடிவந்தது தன் வீட்டுக் கோழி என்பது போல அவர் முகம் மலரும்.

எனக்குப் பொறுமை கிடையாது. "காக்கா, இதால நம்மட பகுதி விவசாயிக்கு என்ன பிரயோசனம்?" என்று கேட்டேன்.

"ஒண்டுமில்ல. உனக்கும் எனக்கும் பிரயோசனம். இரிக்கிறதெல்லாம் இரிக்கி எண்டு தெரியுமே."

இன்னொரு தடவை, முஸ்லிமான நீங்கள் ஏன் இதைக் கட்டி அழுகிறீர்கள் என்று நேரடியாகவே கேட்டேன். மேசையில் தட்டிச் சொன்னார். "திங்கிறவன் இறைச்சியப் பாப்பான். தின்னாதவன்தான் மிருகத்தப் பாக்க ஏலும். ஹராம் எண்டது திங்கிறதுக்கு. பாக்கிறதுக்கு இல்ல."

மார்க்கத்தில் அவரைக் குறை சொல்ல முடியாது. ஈரமான பன்றியில் கை பட்டால் ஏழு தரம் கழுவ வேண்டும், அதில் ஒரு தரம் மண் கரைத்த நீரால். இது எல்லாருக்கும் தெரிந்த சட்டம். ஆனால் ஊரில் அதை அன்றாடம் செய்யத் தேவை வந்த ஆள் அவர் ஒருவர்தான். சைக்கிள் கரியரில் ஒரு பழைய பால்மா டின் இருக்கும், அதற்குள் சலித்த மண். போகிற இடத்தில் சுத்தமான மண் கிடைக்குமோ தெரியாதே என்பார். சந்தை வாசல் தேத்தண்ணிக் கடையில் ஒருவன் அந்த டின்னைப் பார்த்து, "காக்கா, நாங்க ஒங்கட கிளாஸக் கழுவ அந்த மண்ணுல கொஞ்சம் தாங்களன்" என்று கேட்டான். கடை முழுக்கச் சிரிப்பு. அவர் டின்னைத் திறந்து ஒரு பிடி மண்ணை எடுத்து மேசையில் வைத்தார். "நாக்கையும் கழுவு. ஏழு தரம்" என்று சொல்லிவிட்டுத் தேத்தண்ணியைக் குடித்து முடித்தார். அதற்குப் பிறகு அந்தக் கடையில் அவர் உட்கார்ந்த வாங்குப் பலகையில் வேறு யாரும் உட்காருவதில்லை. முழு வாங்கிலும் அவர் ஒருவரே இருப்பார். எனக்குத் தெரிந்தவரை அது பல வருடங்கள் அப்படியே நடந்தது.

எங்கள் இருவருக்கும் பெரிய சண்டை ஞானம்மாவின் பன்றிகளால் வந்தது. திருக்கோவில் பக்கம் போகும் வழியில், வயல் முடிந்து பற்றைக்காடு தொடங்கும் இடத்தில் சில தமிழ்க் குடும்பங்கள் இருந்தன. அதில் ஞானம்மா என்ற விதவை கறுப்புப் பன்றி வளர்த்தார். சிறிய உடம்பு, நீண்ட மூஞ்சி, முதுகு நெடுகப் பரட்டை மயிர். திணைக்களம் வெளிநாட்டு வெள்ளைக் கடுவன்களை, அதாவது ஆண் பன்றிகளை, கொடுத்து நாட்டுப் பன்றியை மாற்றச் சொன்ன காலம். வெள்ளை இனம் இரட்டிப்பு வேகத்தில் வளரும், குட்டியும் கூடப் போடும். ஞானம்மாவுக்கு ஒரு வெள்ளைக் கடுவன் கொடுக்க நான் எல்லா ஏற்பாடும் செய்தேன். அலியார் காக்கா தடுத்துவிட்டார்.

"இந்தக் கரையில கலப்பில்லாத கறுப்பு இவட்ட மட்டும்தான் மிச்சம். இதுலயும் வெள்ளையப் போட்டா மறுகா எங்க போய்த் தேடுற?"

"அவவுக்கு நாலு காசு உழைப்பு வேணும். நீங்க மியூசியம் நடத்துறீங்க."

"வெள்ளைப் பண்டி வெயிலுல தோல் வெந்து கிடக்கும். தவிடு போதாது. வாங்கித்தான் போடணும். அவட்ட எங்க வசதி?"

இன்றைக்கும் என் கருத்து முழுவதாக மாறவில்லை. வெள்ளை இனத்தை நிழலில் வைத்துப் பார்த்தால் வருமானம் கூடும். ஆனால் ஞானம்மாவே அவர் பக்கம் நின்றார். "எனக்குக் கறுப்பியே போதும் தம்பி. அது தன்ட பாட்டில தேடித் திங்கும்" என்றார். கறுப்பி என்பது அவருடைய மூத்த பெட்டைப் பன்றி. ஒரு தரம் முள்ளுக்கம்பியில் விலா கிழிந்து வந்தபோது அலியார் காக்காதான் தைத்தார். நான் கால்களைப் பிடித்துக்கொண்டேன். கடைசித் தையலில் கறுப்பி உதைத்தது, ஊசி கோணலாகப் போனது. "இவ்வளவும் நேரா வந்து முடிவுல வளைஞ்சிட்டே" என்று வீடு வரும்வரை அதையே சொல்லிக்கொண்டு வந்தார்.

அப்போது அவருடைய மகளுக்கு மருதமுனையில் மாப்பிள்ளை பேசிக்கொண்டிருந்தார்கள். இந்தப் பட்டப்பெயரால் அதற்கு முன் வந்த பேச்சுகள் கலைந்திருந்தன. இம்முறை வந்தது நல்ல இடம், மாப்பிள்ளை ஆசிரியர். அலியார் காக்காவின் மனைவி தரகரிடம், "அவர் இப்ப பண்டிப் பக்கமே போறல்ல, மாடு மட்டும்தான் பாக்கிற" என்று சொல்லியிருந்தார். காக்கா அதை மறுக்கவுமில்லை, ஒப்புக்கொள்ளவுமில்லை. "என்னட்ட யாரும் கேக்கல்லயே" என்று என்னிடம் சொன்னார். மாப்பிள்ளையின் தாய்மாமன் சுலைமாலெப்பைப் போடியார், பெரிய நிலக்காரர். ஞானம்மாவின் வீட்டு வளவுக்குக் கிழக்கே கிடந்த வயல் அவருடையது.

கதிர் முற்றிய நேரம். காட்டுப் பன்றிகள் இறங்கி வயலை உழுதுவிட்டதுபோல் ஆக்கிக்கொண்டிருந்தன. அந்தக் கோபம் நியாயமானது. விடிந்து வரும் வேளையில் போடியாரின் காவல்காரன் துப்பாக்கியால் வெடி வைத்தான். ஒன்று விழுந்தது. வெயில் ஏறியபோது ஞானம்மா எங்கள் அலுவலகத்துக்கு ஓடிவந்தார்.

"கறுப்பியச் சுட்டுப் போட்டாங்க ஐயா. கேட்டா காட்டுப்பண்டி எண்டுறாங்க. குட்டியெல்லாம் பாலுக்குக் கத்துது."

இது எங்கள் ஆட்களுக்கு மட்டுமே வரக்கூடிய பிழை. பன்றியை யாரும் பார்ப்பதில்லை. கண்ணில் பட்டால் முகத்தைத் திருப்புகிறோம். கறுப்பாக, மூஞ்சி நீண்டு, முதுகில் மயிரோடு நின்றால் அது காட்டுப் பன்றிதான். காட்டுப் பன்றிக்கும் வளர்ப்புக் கறுப்புக்கும் என்ன வித்தியாசம் என்று தெரிய வேண்டுமானால் முதலில் பார்க்க வேண்டுமே. பொய் சொன்னான் என்று அந்தக் காவல்காரனைக் குற்றம் சொல்ல முடியாது.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது வரம்பில் ஒரு கூட்டம் நின்றது. ஒரு பக்கம் எங்கள் ஆட்கள், மறுபக்கம் ஞானம்மாவின் சனம். அந்த வருடங்களில் தமிழரும் முஸ்லிம்களும் முறைத்துக்கொள்ள ஒரு பன்றியே போதும். நடுவில் அந்த வயல்வெளிக்குப் பொறுப்பான வட்டவிதானை நின்றார். செத்த மிருகத்தை வைக்கோலால் மூடியிருந்தார்கள், கண்ணில் படக்கூடாது என்று. காட்டுப் பன்றி என்று தீர்ந்தால் பிரச்சினை முடிந்தது. ஆனால் அதோடு ஞானம்மாவின் மிச்சப் பன்றிகளும் காட்டுப் பன்றிகள்தான். வயல் பக்கம் வந்தால் யாரும் சுடலாம்.

போடியார் அலியார் காக்காவின் தோளில் கைபோட்டு ஓரமாகக் கூட்டிப் போனார். நான் பின்னாலேயே போனேன்.

"அலியார், நீ படிச்சவன். காட்டுப்பண்டி எண்டு ஒரு சொல்லுச் சொல்லிட்டுப் போ. தூரத்துல நிண்டே சொல்லு, கிட்டப் போகவும் தேவல்ல. நாளைக்கு நாம சம்பந்தக்காரர்."

"பாக்காம எப்பிடி மச்சான் சொல்ற?"

"பாத்தாத்தான் சொல்ல ஏலா."

போடியார் மோசமான மனுசன் இல்லை. அவர் மிரட்டவில்லை, உண்மையில் கெஞ்சினார். மருமகன் வீட்டாருக்கு என்ன பதில் சொல்வது என்ற பயம் அவருக்கும் இருந்தது.

அலியார் காக்கா வரம்பால் இறங்கினார். "வைக்கல எடுங்க" என்றார். ஒருவரும் அசையவில்லை. சட்டைக் கையை மடித்து, தானே குனிந்து வைக்கோலை ஒதுக்கினார். கூட்டத்தில் ஒரு இளந்தாரி, "காக்கா, முகத்த வடிவாப் பாருங்க, சொந்தக்காரனா இரிக்கும்" என்றான். எங்கள் பக்கம் சிரித்தது.

"ஓம், ஒன்னைவிட லட்சணந்தான்" என்றார், திரும்பாமலே.

அவர் சேற்றில் குந்தி, அந்த நனைந்த உடம்பை இரண்டு கையாலும் புரட்டினார். விலாவில் மயிரை ஒதுக்கினார். மயிரை ஒதுக்கிய விரல் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றது. அவருக்குப் பார்த்த உடனே தெரிந்திருக்கும் என்பது எனக்குத் தெரியும். எனக்கே தெரிந்துவிட்டது. அவர் எடுத்துக்கொண்ட நேரம் பார்ப்பதற்கான நேரம் அல்ல.

"இது காட்டுப்பண்டி இல்ல."

"எப்பிடிச் சொல்றீங்க?" என்று விதானை கேட்டார்.

"விலாவப் பாருங்க. மயிர் முளைக்காத தழும்பு, ரெண்டு பக்கமும் ஊசித் தடம். கடைசித் தடம் கோணல். காட்டுக்குள்ள யாரும் தைக்கிறல்ல. இது என்ட தையல்."

"நீங்க... இதத் தொட்டுத் தெச்சீங்களா?" என்றார் விதானை.

"தொடாமத் தைக்க ஏலுமா?"

பிறகு வாய்க்கால் ஓரம் போய்க் கைகளை நீட்டினார். நான் வாளியில் அள்ளி ஊற்றினேன். முதலில் டின்னைத் திறந்து மண்ணைக் கரைத்துத் தேய்த்தார். பிறகு வெறும் தண்ணீர், ஏழு நிறையும்வரை. அந்தக் கூட்டம் முழுவதும் அதைப் பார்த்துக்கொண்டு நின்றது. இரண்டு பக்கத்திலும் ஒருவரும் சிரிக்கவில்லை. போடியார் முதலில் போய்விட்டார். வளவுக்கும் வயலுக்கும் நடுவில் வேலி போடுவதென்றும், அந்தப் பக்கம் இனி வெடி வைப்பதில்லை என்றும் விதானை தீர்த்துவைத்தார். அது இன்றுவரை நிற்கிறது.

கலியாணப் பேச்சு அன்றோடு நின்றது. ஆள் அனுப்பிச் சொல்லக்கூட இல்லை, வராமல் விட்டார்கள். திரும்பி வரும் வழியில் நான் பொறுக்கமாட்டாமல் கேட்டேன், செத்த மிருகம் செத்ததுதானே, ஒரு சொல்லோடு மகளின் காரியம் முடிந்திருக்குமே என்று. சைக்கிளை நிறுத்திவிட்டுச் சொன்னார். "ஒண்டு செத்தா ஒண்டுதான் செத்த. அத வேற ஒண்டெண்டு சொன்னா மிச்சம் இரிக்கிறதும் செத்தாச்சு."

பிறகு வந்த வருடங்களைப் பற்றி எழுத அதிகம் இல்லை, ஏனென்றால் அவற்றில் ஆட்கள் இல்லை. முஸ்லிம் வீடுகளில் மாட்டுக்கு நோய் வருத்தமென்றால் என்னைத்தான் கூப்பிட்டார்கள், அவரை இல்லை. கலியாண வீடுகளில் பல பேர் சேர்ந்து சாப்பிடும் சகன் தட்டில் அவரோடு இருக்க மற்றவர்கள் தயங்குவது தெரிந்ததும் போவதை நிறுத்திக்கொண்டார். வீட்டில் மகள் சோறு வைப்பாளாம், கதைக்கமாட்டாளாம். மனைவி ஒரே ஒரு தரம்தான் சொன்னாராம், "ஒரேயொரு பொய்" என்று. அலுவலகத்தில் அவர் சத்தம் குறைந்தது. மின்விசிறியை என் பக்கம் திருப்பிவிட ஆரம்பித்தார், அது எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் மழை நாளில் மட்டும் பழையபடி தொடங்குவார். ஜாவாவில் முகத்தில் பரு உள்ள பன்றி. சீனாவில் முகம் முழுவதும் சுருக்கம் விழுந்த வளர்ப்புப் பன்றி, ஒரு ஈற்றில் கணக்கில்லாமல் குட்டி போடும். நான் வேலை செய்துகொண்டே கேட்பேன். கேட்கிறேனா என்று அவர் பார்ப்பதில்லை.

மௌத்து வீட்டில் திரைக்குப் பின்னால் இருந்து மகள் என்னிடம் கதைத்தாள். "வாப்பா அண்டைக்கி வயலுக்குப் போகக்குள்ள என்னட்ட ஒரு வார்த்த கேட்டிரிக்கலாம். நானும் அதத்தான் சொல்லச் சொல்லியிருப்பன். கேக்காமப் போனதுதான் எனக்குக் கோபம்." இதை அவரிடம் சொன்னாயா என்று நான் கேட்டேன். எனக்கு அப்படித்தான் கேட்க வரும். திரைக்குப் பின்னால் அவள் எழுந்து உள்ளே போகும் சத்தம் கேட்டது.

போன கிழமை ஞானம்மாவின் வளவுக்குப் போனேன். செய்தி சொல்லத்தான். அவருக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தது. "ஐயாட வீட்டு உள்ளுக்கு வரலாமோ எண்டு தெரியாம ரோட்டுலயே நிண்டு பாத்திட்டு வந்தன்" என்றார். கறுப்பியின் மகள் குட்டி போட்டிருந்தது. குட்டிகளைக் காட்டினார். நான் குனிந்து பார்த்தேன். கறுப்பு இல்லை. எல்லாம் மண்ணிறம், உடம்பு நெடுக வெளிறிய கோடுகள். கோடு காட்டுப் பன்றிக் குட்டிக்குத்தான் இருக்கும். பெட்டை பற்றைக்குள் போய்க் காட்டுக் கடுவனோடு சேர்ந்து வந்திருக்கிறது. அப்படியானால் இவை எது? காடா, வீடா? கறுப்பு இனம் இத்தோடு போயிற்றா, அல்லது அது எப்போதும் இப்படித்தான் காட்டோடு கொடுத்து வாங்கிக்கொண்டிருந்ததா? கலப்பில்லாதது என்று அவர் சொன்னதே பிழையா?

"தம்பி, இதுக்கு என்ன சொல்ற?" என்று ஞானம்மா கேட்டார்.

பாடசாலையில் படித்ததில் இதற்குப் பதில் இல்லை. மேசைக்கு அந்தப் பக்கம் இருந்து, மின்விசிறியையும் மதியச் சாப்பாட்டையும் மறந்து இதைக் கதைத்திருக்கக்கூடிய ஒரே ஆள் மண்ணுக்குள் கிடக்கிறார். வீட்டில் இதைச் சொல்ல முடியாது. பாலமுனையில் சொல்ல முடியாது. அலுவலகத்தில் புதிதாக வந்தவருக்குக் கோழி மட்டும்தான் தெரியும்.

அவருடைய பொருள் ஒன்றும் என்னிடம் இல்லை. நான் கேட்கவுமில்லை. அவரிடமிருந்து எனக்கு வந்து சேர்ந்தது இதுதான். இந்தக் கரையில் கதைக்க ஆளில்லாத ஒரு விஷயம். முன்பு அது அவரிடம் தனியாக இருந்தது. இப்போது என்னிடம் இருக்கிறது. ஞானம்மாவிடம் தெரியாது என்று சொன்னேன். பிறகு சட்டைக் கையை மடித்துக்கொண்டு, கோடு போட்ட குட்டி ஒன்றைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்து, நன்றாகப் பார்த்தேன். அதுவும் என்னைப் பார்த்தது.